எஃப் 8 இல்லாத விளையாட்டு: புதுச்சேரியில் டி அண்ட் டி ஆட ஆசைப்பட்டு 18,450 ரூபாய் விட்ட கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேசைக் கதை விளையாட்டுக்கு நான் செய்த செலவு இது. டூப்ளிகேட் விதிப்புத்தகம் ஒன்று 1,650. டைஸ் ஐந்து செட் 3,000. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குட்டி பொம்மைகள் 4,200, அதற்கு வரியும் கூரியர் சார்ஜும் 1,780. டிஎம் ஸ்கிரீன் என்று ஓர் அட்டைத் தடுப்பு 1,400. கட்டம் போட்ட விரிப்பும் அழிக்கிற மார்க்கரும் 1,300. ஃபிளெக்ஸில் மேப் அடித்தது 1,120. ஆட வந்தவர்களுக்கு பரோட்டா, டீ, பஜ்ஜி வகையில் ஏறக்குறைய 4,000. ஆக 18,450 ரூபாயும் எட்டு மாதமும் போனது. அந்த எட்டு மாதத்தில் ஆடியது ஐந்தே ஐந்து ஞாயிற்றுக்கிழமை. ஆரம்பிப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் காதைத் திருகிச் சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பால்டர்ஸ் கேட் 3. 2023 ஆகஸ்டில் வந்த வீடியோ கேம். இரண்டு முறை முழுசாக முடித்தேன், தூக்கமில்லாமல் ஆபீஸ் போய் திட்டு வாங்கினேன். முடித்த பிறகு ஒரு வெறுமை வந்தது பாருங்கள், கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்த மறுநாள் மாதிரி. அந்தக் கேமுக்கு அடியில் ஓடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகள் என்று அப்புறம்தான் உறைத்தது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட மேசை விளையாட்டு அது. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தர் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டியதுதான். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட டைஸை உருட்ட வேண்டும். இன்று எந்த வீடியோ கேமைத் திறந்தாலும் கண்ணில் படுகிற ஹிட் பாயின்ட் (மிச்சமிருக்கும் உயிரின் அளவு), லெவல், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எல்லாம் இங்கிருந்து போனவை. 1975-லேயே அமெரிக்காவின் பிளேட்டோ என்கிற பாடம் நடத்தும் கணினிகளில் மாணவர்கள் இதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பேத்தியைப் பார்த்துவிட்டு பாட்டியைத் தேடிப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பது சுலபமாக இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்து மச்சான் ஒருத்தன். அவனுடைய சித்தப்பா பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், எங்கள் எல்லோருக்கும் தம்பி. லாஸ்பேட்டைக்காரர் ஒருவர், பால்டர்ஸ் கேட் 3 மட்டும் அறுநூறு மணி நேரம் ஆடியவர், விதிகளில் புலி. நாலாவது எங்கள் ஆபீஸ் அக்கௌன்ட்ஸ் அக்கா. போனில் கலர் மிட்டாய் உடைக்கிற கேமைத் தாண்டி எதுவும் ஆடாதவர். நான் பேசுவதைக் கேட்டு, “கதை சொல்றதுதானே, நானும் வரேன்” என்றார். இடம், ரெயின்போ நகரில் எங்கள் வீட்டு ஹால்.

முதல் தப்பு கடையில் நடந்தது. 2024 ஏப்ரலில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை, அதாவது ஆடுகிறவர்களுக்கான விதிப்புத்தகத்தை, ஆன்லைனில் தேடினேன். ஓர் இடத்தில் மட்டும் பாதி விலை. ஆசை யாரை விட்டது? வந்ததைப் பிரித்தால் படங்களெல்லாம் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி இருக்கின்றன, மந்திரப் பட்டியலில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வருகிறது, அடுத்த பதினாறு பக்கத்தைக் காணோம். திருப்பி அனுப்பும் தேதி முடிந்த பிறகுதான் அதையே கவனித்தேன். இதைவிடக் கொடுமை, அதே வருஷம் செப்டம்பரில் திருத்திய புதுப் புத்தகமே வந்துவிட்டது. புதுசு வரப்போகிறது என்று முன்பே அறிவித்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. ஆகவே எந்த விதிப்புத்தகம் வாங்குவதானாலும் அடுத்த பதிப்பு எப்போது என்று ஒரு நிமிஷம் தேடுங்கள். அதற்கும் முன்னால், வாங்கவே வாங்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் நானூறு பக்க விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டுவிட்டார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதுவே ஜாஸ்தி.

டைஸும் அப்படித்தான். ஆளுக்கொரு செட் வேண்டும் என்று ஐந்து வாங்கினேன். ஒரு செட்டில் ஏழு டைஸ் இருக்கும். நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை. உண்மையில் எண்பது சதவீத நேரம் உருட்டுவது இருபது முகத்தை மட்டும்தான், அதையும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் உருட்டுகிறோம். ஒரு செட்டை மேசை நடுவில் வைத்தால் முடிந்தது. போனிலேயே இலவசமாக உருட்டலாம். பொம்மைகள் கதை இன்னும் மோசம். விலை 4,200 என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆர்டர் போட்டால், பார்சல் சென்னையில் நின்றுகொண்டு ஆதார் காப்பி கேட்டது. வரியை பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியையும் சேர்த்துப் போடுகிறார்கள். அதற்கு மேல் கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு சார்ஜ். 1,780 கட்டி வாங்கிய பொம்மைகளில் நாங்கள் பயன்படுத்தியது நாலு. மற்ற எதிரிகளுக்கு ஆயாவின் பல்லாங்குழிப் புளியங்கொட்டை போதுமானதாக இருந்தது.

டைஸ் வந்த அன்றைக்கு ஆயா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னடா கட்டை, இத்தினி மூஞ்சி?” என்றார். தாயக்கட்டை மாதிரிதான் ஆயா என்றேன். “கட்டைன்னா ரெண்டு கையிலயும் தேய்ச்சி விடணும். இதை எப்பிடித் தேய்க்கிறது?” என்று கீழே போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். நேரம் போனதுதான் வயிற்றெரிச்சல். மூன்று மாதம் உட்கார்ந்து கதை எழுதினேன். வெள்ளைக்காரன் ஊர், டிராகன் குகை எதுவும் வேண்டாம், நம்ம அரிக்கமேட்டை வைப்போம் என்று முடிவு. அரியாங்குப்பம் ஆற்றங்கரை, ரோமானியக் கப்பல் வந்துபோன காலம். 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ஒயின் ஜாடிகள், மணி செய்யும் பட்டறை, பெரிப்ளஸ் என்கிற பழைய கிரேக்கக் கடல் குறிப்பில் வரும் பொதுகே என்ற பெயர், எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். ஒரு கிட்டங்கி, அதற்குள் முத்திரை வைத்த ஜாடி, ஜாடிக்குள் சாபம். யார் என்ன கேட்டால் யார் என்ன பதில் சொல்வார்கள் என்று வசனம் உள்பட 46 பக்கம். கிட்டங்கியின் தரைப்படத்தை நாலடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸில் அடித்து வந்தேன். கடைக்காரர் காதணி விழா பேனருக்கு நடுவில் என் வேலையைச் செய்துகொண்டே, “இது எந்தக் கட்சி தம்பி?” என்று கேட்டார்.

ஜூன் மாத ஞாயிறு, மூன்று மணி. எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. கிட்டங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே விளக்கு வெளிச்சம் அசைகிறது, என்ன செய்கிறீர்கள்? அக்கா யோசித்துவிட்டு, “ஜாடி கப்பல்ல வந்துச்சுன்னு சொன்ன இல்ல, அந்தக் கப்பல்காரன் எங்க இருக்கான்? அவனையே போய்க் கேப்போமே” என்றார். மச்சான் உடனே, “ஆமா, கட்டுமரம் எடு, வீராம்பட்டினம் போலாம்” என்றான். என் 46 பக்கத்தில் வீராம்பட்டினம் இல்லை. கப்பல்காரனுக்குப் பெயர்கூட இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? புயலைக் கிளப்பினேன். கட்டுமரம் கவிழ்ந்து, நீந்தி, கரை ஒதுங்கிய இடம்... கிட்டங்கி வாசல்! லாஸ்பேட்டைக்காரர் சிரித்தார். “இன்விசிபிள் வால் வெச்சிட்டீங்க” என்றார். வீடியோ கேமில் மேப் முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கும், எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் கால் ஓடிக்கொண்டிருக்கும். அதைத்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. நல்ல யோசனை சொன்னதற்குத் தண்டனையாகத் தண்ணீரில் தள்ளினால் யார்தான் சிரிப்பார்கள்?

அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. நான் மேசை விளையாட்டு நடத்தவில்லை, காகிதத்தில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தேன். கேம் செய்கிற கம்பெனிக்கு வேறு வழியில்லை. ஆடுகிறவன் எங்கெல்லாம் போகக்கூடும் என்று முன்னாலேயே யோசித்து, பேசி, வரைந்து வைத்தாக வேண்டும். அதற்கு வருஷக்கணக்கும் நூற்றுக்கணக்கான ஆட்களும் வேண்டும். அதை நான் ஒருத்தன் மூன்று மாதத்தில் செய்யப் பார்த்தேன். மேசையில் அது தேவையே இல்லை, கேள்வி வந்த பிறகு பதில் சொன்னால் போதும். இந்த ஒன்று தெரிந்திருந்தால் ஃபிளெக்ஸ் செலவு மிச்சம்.

அடுத்து விதிச் சண்டை. பால்டர்ஸ் கேட் 3-ம் டி அண்ட் டி-யும் ஒரே விதிதானே என்று நினைத்து வருகிறவர்கள் கவனிக்க, ஒன்று இல்லை. கேமில் இருபது முக டைஸில் 1 விழுந்தால் எந்த முயற்சியும் தோல்வி, 20 விழுந்தால் எதுவும் வெற்றி. மேசை விதிப்படி அது எதிரியைத் தாக்கும்போதும், செத்துப் பிழைக்கும் டைஸ் உருட்டும்போதும்தான். பூட்டைத் திறப்பது, ஏமாற்றுவது போன்றவற்றில் 1 என்பது வெறும் சின்ன எண். கேமில் மருந்துக் குப்பியை, தன் முறையில் கிடைக்கும் சின்னக் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் குடித்துவிடலாம். என்னிடம் இருந்த பழைய 2014 புத்தகப்படி அதற்கு அந்த முறையின் முழு ஆக்‌ஷன் போகும். 2024 புத்தகத்தில் போனஸ் ஆக்‌ஷன் ஆக்கிவிட்டார்கள். லாஸ்பேட்டைக்காரர் மனப்பாடமாகக் கேம் விதியைச் சொல்வார், நான் பக்கம் காணாமல் போன புத்தகத்தைப் புரட்டுவேன், மச்சான் போனை எடுத்து ரீல்ஸ் பார்ப்பான். ஒரு மருந்துக் குப்பிக்காக இருபத்தைந்து நிமிஷம் போன நாள் உண்டு. இப்போது எங்களிடம் ஒரே வழக்கம்தான்: டிஎம் அந்த இடத்தில் சொல்வதுதான் தீர்ப்பு, வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பிக்கும் முன்பே எந்த விதி என்று பேசி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ஞாயிறு தம்பி செத்தான். அவனுடைய பாத்திரம், முதல் லெவல் மந்திரவாதி. அதற்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்து அப்பா பெயர், படித்த ஊர், தொலைந்த தங்கை என்று இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தான். ஹிட் பாயின்ட் 7. நான் கடற்கொள்ளைக்காரர்களுக்கு கோப்ளின் என்கிற குட்டிப் பூதத்தினுடைய எண்களைப் போட்டிருந்தேன். ஓர் அடிக்கு 3-லிருந்து 8 வரை போகும். கூட்டிப் பார்த்திருக்க வேண்டியது நான். ஒரே அடியில் விழுந்தான். விழுந்தவன் பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை போட்டால் பிழைப்பான், மூன்று தடவை தவறினால் சாவு. 4, 9, 7. ஹால் அமைதியாகிவிட்டது. தம்பி டைஸையே பார்த்துக்கொண்டு மெதுவாக, “எஃப் 8 அமுக்குங்கண்ணா” என்றான். கேமில் எஃப் 5 அமுக்கினால் சேவ் ஆகும், தோற்றால் எஃப் 8 அமுக்கிப் பழைய இடத்துக்குப் போகலாம். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஆனால் கடலூர் பஸ் ஏறும்போது அவன் முகம் சரியாக இல்லை. கேமில் கூட்டாளி செத்தால் 200 பொற்காசு கொடுத்து எழுப்பிவிடலாம். மேசையில் சாவு சாவுதான் என்பதில்தான் ருசி என்று இந்த விளையாட்டின் ரசிகர்கள் சொல்வார்கள். சரி, ஆனால் அந்த ருசி வேண்டுமா என்று ஆடுகிறவனை முதலில் கேட்க வேண்டாமா? ஆட்டத்துக்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து இதையெல்லாம் பேசுவதற்கே செஷன் ஜீரோ என்று பெயர் இருக்கிறது. நான் அதை நேர விரயம் என்று தாண்டிவிட்டேன். புது ஆட்களை மூன்றாவது லெவலில் ஆரம்பிக்க வைத்தால் முதல் அடியில் யாரும் சாக மாட்டார்கள்.

பிறகு தேதி பிரச்சினை. ஐந்து பெரியவர்களுக்கு ஒரே ஞாயிறு ஒழிவது கிரகணம் மாதிரி. ஒருத்தனுக்குப் பெண் பார்க்கும் படலம், ஒருத்தனுக்கு செமஸ்டர். நாலாவது ஆட்டம் முடிந்து மூன்று நாள் கழித்து அக்கா வாட்ஸ்அப்பில் எழுதினார்: “தம்பி தப்பா நெனச்சுக்காத. நான் வந்தது மூணு மணி. என் டர்ன் வந்தது மூணே முக்கா. வில்லு வுட்டேன், படல. மறுபடி நாலரைக்கு. வீட்ல துணி காயப் போட்டுட்டு வந்திருக்கேன்.” அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. கதையை எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரைச் சண்டை வரிசையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது நான். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போடுகிற கூட்டல் கழித்தலுக்கு எங்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இந்த விஷயத்தில் வீடியோ கேம் தலைமுடிகூடக் கலையாமல் ஜெயித்துவிடும், வாதமே வேண்டாம்.

ஆறாவது ஆட்டம் 2024 டிசம்பர் 1, ஞாயிறு என்று வைத்திருந்தோம். முந்தின நாள் ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர் எப்படி இருந்திருக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டூப்ளிகேட் புத்தகம் ஊறி, மை கரைந்து, மந்திரமெல்லாம் நீலத் தண்ணீராகப் போனது. ஃபிளெக்ஸ் மேப் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கட்டில் மேல் ஏற்றிவைத்த அரிசி மூட்டைக்கு அதைத்தான் அம்மா போர்த்தியிருந்தார். ஒழுகிய மழை பொதுகே துறைமுகத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைப் பிடித்துக்கொண்டது. மச்சான் வீட்டிலும் சாமானை மாடிக்கு ஏற்றினார்கள். விளையாட்டை யாரும் நினைக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் கடைசியாக இருந்தது, “தண்ணி வடிஞ்சுதா?”

பொங்கலுக்கு நெல்லிக்குப்பம் பக்கத்து ஊரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சின்ன வயசில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து ஆடியவர். என் சோகக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, “நீ பண்ணது கட்டியங்காரன் வேலைடா” என்றார். “கூத்துல துரியோதனன் சாவான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா கட்டியங்காரன் என்னா பேசப்போறான்னு அவனுக்கே தெரியாது. முன்னால ஒரு கெழவி தூங்கி வுழுந்தா அவளையும் கதைக்குள்ள இழுத்துப் போட்டுடுவான். நீ நாப்பத்தாறு பக்கத்தைக் குனிஞ்சி படிச்சிக்கிட்டு இருந்தா எதிர்ல குந்தியிருக்கறவன் மூஞ்சிய எப்பப் பாப்ப?” பல மாதம் யூடியூபில் பார்த்ததில் கிடைக்காத ஒன்று அந்தத் திண்ணையில் கிடைத்தது.

பிப்ரவரியில் மறுபடி ஆரம்பித்தேன். ஒரே பக்கம் எழுதினேன். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் ராத்திரிக்குள் என்ன நடக்கும், நாலு பெயர், அவ்வளவுதான். பெயர்கள் முக்கியம், கப்பல்காரனுக்குப் பெயர் இல்லாமல் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆடுகிறவர்கள் மூன்று பேர் போதும் என்று வைத்துக்கொண்டேன். நாலாவது ஆள் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் ஆட்டம் நிற்காது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, அன்றைய கதை அன்றைக்கே முடிய வேண்டும். சண்டை ஒன்றுக்கு மேல் கிடையாது. அக்காவுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “ஆறு மணி ஆச்சுன்னா டிராகன் வாயில இருந்தாலும் எழுந்து போயிடுவேன்” என்ற நிபந்தனையோடு வந்தார். லாஸ்பேட்டைக்காரர் வரவில்லை. அவருக்கு எண்களின் நுணுக்கம்தான் இன்பம், அதை வீடியோ கேம் நன்றாகவே தருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. மேசை ஆட்டம்தான் அசல், வீடியோ கேம் வெறும் நிழல் என்று மார்தட்டுகிறவர்களை இப்போதெல்லாம் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. 2008-ல் நாலாம் பதிப்பு வந்தபோது, ‘இது ஆன்லைன் கேம் மாதிரி ஆகிவிட்டது’ என்று அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு இன்னும் வயசாகவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராதபோது எனக்குத் துணை பால்டர்ஸ் கேட்தான். அந்த நேரத்தில் அக்காவுக்கு போன் போட முடியுமா?

சென்ற மாத ஆட்டத்தில் மச்சான் வர லேட். தவளக்குப்பத்தில் பஸ் நின்றுவிட்டது என்றான். அவன் பாத்திரம் பூட்டுத் திறக்கிற திருடன். கதையில் எல்லோரும் கோயில் நிலவறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். வெற்றிலை மென்றுகொண்டு ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவிடம், “அவனுக்குப் பதிலா நீ போடு ஆயா” என்று டைஸை நீட்டினேன். கட்டையைத் தேய்க்கிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அதைத் தேய்த்தார். உருண்டு, மார்க்கர் மூடியில் முட்டி நின்றது. 1. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா “அய்யோ” என்றார். ஆயா மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டு, “தாயம்!” என்று கத்தினார்.

தாயத்தில் 1 விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். எழுபது வருஷமாக அவருக்கு அதற்கு மேல் நல்ல எண் கிடையாது. தம்பி, “அண்ணா, நேச்சுரல் 1...” என்று ஆரம்பித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கதவு திறந்துடுச்சு ஆயா” என்றேன்.

அன்றிலிருந்து ஆயா உருட்டினால் 1-தான் பெரிய எண். அவருக்கு 20 விழுந்தால் என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. விழுந்ததும் இல்லை.